ஏணியில் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? மகிழ்ச்சியையும் மன அழுத்தத்தையும் நாடுவிட்டு நாடு போய்ப் படிப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் ஆறு வாரக் கோடை வகுப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பினேன். பொள்ளாச்சியில் என் பெரியம்மா முதலில் கேட்டது இதைத்தான்: "அந்த ஊர்ல எல்லாரும் சிரிச்சுட்டே இருப்பாங்களாமா கண்ணு?"

உலகிலேயே மகிழ்ச்சியான நாடுகளில் டென்மார்க்கும் ஒன்று என்று அவர் டிவியில் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு மார்ச் மாதமும் அந்தப் பட்டியல் வெளியாகும். பின்லாந்து முதலிடம், டென்மார்க் அதை ஒட்டி முன்வரிசையில், இந்தியா நூறைத் தாண்டி எங்கேயோ. உடனே வாதமும் கிளம்பும். "நம்ம ஊர்ல சந்தோஷமே இல்லையா?" என்று ஒரு பக்கம். "இதெல்லாம் வெள்ளைக்காரன் போட்ட கணக்கு" என்று மறுபக்கம். இரண்டு பக்கத்திலும் பெரும்பாலோர் அந்தக் கணக்கில் மக்களிடம் என்ன கேள்வி கேட்கப்பட்டது என்று பார்த்ததில்லை. வகுப்புக்குப் போகும்வரை நானும் பார்த்ததில்லை.

பண்பாடுகளுக்கிடையே மன அழுத்தத்தையும் மகிழ்ச்சியையும் ஒப்பிட்டுப் படிப்பது அந்த வகுப்பின் பொருள். காலையில் பாடம், மதியம் ஊருக்குள் நடை, இரவில் குறிப்பேடு. இப்படி ஒரு படிப்பு எதைத் தேடுகிறது, எதை எப்படி அளக்கிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்பதை உளவியல் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

கல்யாண வீட்டு அப்பா

மன அழுத்தமும் மகிழ்ச்சியும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள், ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும் என்று நினைக்கிறோம். முதல் குழப்பம் இங்கேதான்.

மகள் கல்யாணத்தன்று மண்டப வாசலில் நிற்கும் அப்பாவை நினைத்துப் பாருங்கள். விடிய விடியத் தூங்கவில்லை. பந்திக்கு இலை போதுமா என்று சமையல்காரரிடம் ஓடுகிறார். சம்பந்தி வீட்டாரின் முகம் கோணிவிடக் கூடாதே என்று பதறுகிறார். ரத்த அழுத்தம் எகிறியிருக்கும். ஆனால் தாலி கட்டும் நேரத்தில் அவரைவிட மகிழ்ச்சியான ஆள் அந்த மண்டபத்தில் கிடையாது. இரண்டும் ஒரே உடம்பில், ஒரே மணி நேரத்தில் நடக்கின்றன.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொன்னதை 1967-இல் அமெரிக்க உளவியல் மருத்துவர்கள் தாமஸ் ஹோம்ஸும் ரிச்சர்ட் ராஹேயும் எண்ணில் எழுதினார்கள். வாழ்க்கையைப் புரட்டிப்போடும் 43 நிகழ்வுகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். கணவன் அல்லது மனைவியின் இறப்புக்கு 100, மணமுறிவுக்கு 73, திருமணத்துக்கு 50, வீட்டுக்காகப் பெரிய கடன் வாங்குவதற்கு 31. நல்லதோ கெட்டதோ, வாழ்க்கையைத் திரும்பச் சீரமைக்க வேண்டியிருந்தால் அது சுமைதான் என்பது அவர்களுடைய கருத்து.

வகுப்பில் இந்தப் பட்டியலைக் கொடுத்து, "உங்கள் ஊரில் இது செல்லுமா?" என்று கேட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு 12 மதிப்பெண் இருந்தது. மகனோ மகளோ வீட்டைவிட்டுப் போவதற்கு 29 இருந்தது. மகளுக்குக் கல்யாணம் செய்துவைப்பதைத் தேடினேன், பட்டியலில் இல்லை. எங்கள் வீட்டில் பத்து வருடம் பேச்சாகவும் சேமிப்பாகவும் கவலையாகவும் இருந்த ஒன்றுக்கு அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. எந்த அளவுகோலிலும் அதைச் செய்தவர்களின் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இதுவரை: மன அழுத்தமும் மகிழ்ச்சியும் எதிரெதிர் முனைகள் இல்லை, தனித்தனியாக அளக்க வேண்டியவை. எதைச் சுமையாக எண்ணுகிறோம் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

உடம்புக்குள் ஓடும் மோட்டார்

'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லை உடம்பைப் பற்றிய பேச்சில் பரவலாக்கியவர் ஹான்ஸ் செல்யே. கனடாவின் மான்ட்ரியலில் எலிகளை வைத்து ஆய்வு செய்தவர். குளிர், காயம், மிதமிஞ்சிய ஓட்டம், மருந்து என எந்தத் தொல்லை கொடுத்தாலும் எலிகளின் உடம்பில் ஏறக்குறைய ஒரே மாதிரி மாற்றங்கள் நடப்பதைக் கவனித்து 1936-இல் எழுதினார். தொல்லைகள் வேறு வேறு, உடம்பின் பதில் ஒன்றுதான்.

அந்தப் பதில் எப்படி நடக்கிறது? மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓடுகிறது. தொட்டி நிரம்பியதும் மிதவை மேலே வந்து மோட்டாரை நிறுத்துகிறது. ஆபத்து என்று மூளை உணர்ந்தால், மூளையின் அடிப்பகுதியிலிருந்து ஒரு செய்தி கிளம்பி, சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குப் போகிறது. அது கார்ட்டிசால் என்ற சுரப்புநீரை விடுகிறது. உடம்பின் சேமிப்பிலிருந்து சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விட்டு, ஓடவோ எதிர்க்கவோ தெம்பு கொடுப்பது அதன் வேலை. கார்ட்டிசால் போதுமான அளவு ஏறியதும், "போதும், நிறுத்து" என்று மூளைக்கே செய்தி போகிறது. இங்கே கார்ட்டிசாலே மிதவை.

மோட்டார் ஓடுவதில் தப்பே இல்லை, அது ஓடாவிட்டால் பிழைக்க முடியாது. மிதவை சிக்கிக்கொண்டு மாதக்கணக்கில் மோட்டார் ஓடிக்கொண்டே இருப்பதுதான் நோய்க்கு வழி.

கார்ட்டிசாலை உமிழ்நீரில் அளக்கலாம். தலைமுடியிலும் அளக்கலாம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், மூன்று சென்டிமீட்டர் முடி மூன்று மாதக் கதையைச் சொல்லும். உமிழ்நீரில் அளப்பதாக இருந்தால் நேரம் முக்கியம். தூங்கி எழுந்து அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் கார்ட்டிசால் உச்சத்துக்குப் போகும், நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வரும். காலை ஐந்தரைக்கு எழுகிறவரையும் எட்டரைக்கு எழுகிறவரையும் ஒன்பது மணிக்கு வரிசையில் நிறுத்தி அளந்து, "இந்த நாட்டாருக்கு அழுத்தம் அதிகம்" என்று சொன்னால் அது வெறும் தூக்கத்தின் கணக்கு.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. பந்தயத்தில் ஓடினாலும் கார்ட்டிசால் ஏறும், பயந்து ஓடினாலும் ஏறும். ஏன் ஓடுகிறோம் என்பது உமிழ்நீரில் தெரியாது. அதனால் ஆளிடமே கேட்கவும் வேண்டும். இதற்காக அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் உடன் ஆய்வாளர்களும் 1983-இல் ஒரு கேள்வித்தாள் அமைத்தார்கள். அதன் பத்துக் கேள்வி வடிவம் இன்று உலகமெங்கும் புழங்குகிறது. கடந்த ஒரு மாதத்தில் முக்கியமான விஷயங்கள் கைமீறிப் போனதாக எத்தனை முறை தோன்றியது, சிக்கல்களைச் சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கை எத்தனை முறை வந்தது என்கிற மாதிரி கேள்விகள். மொத்த மதிப்பெண் 0 முதல் 40 வரை.

கைமீறுவது, சமாளிப்பது என்ற இந்த இரண்டு சொற்களில்தான் பண்பாடு உள்ளே வருகிறது. ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற இருவர் 1984-இல் விளக்கியபடி, ஒரு சிக்கல் வந்தால் மனம் இரண்டு கேள்விகள் கேட்கிறது. 'இதனால் எனக்கு ஆபத்தா?' என்பது முதலாவது. 'இதைத் தாங்க என்னிடம் வழி இருக்கிறதா?' என்பது இரண்டாவது. மனதுக்குள் ஓடும் இந்தக் கணக்குக்கு மதிப்பிடல் என்று பெயர்.

இரண்டாவது கேள்விக்கான விடை பாதிக்கு மேல் நமக்கு வெளியே இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். வேலை போனால் பொள்ளாச்சியில் யாரிடம் போவோம்? அண்ணனிடம், மாமனாரிடம், நகைக்கடனுக்கு. வேலையின்மைக் காப்பீட்டில் சேர்ந்திருக்கும் டென்மார்க்காரருக்கு இரண்டு ஆண்டுகள்வரை உதவித்தொகை வரும். சிக்கல் ஒன்றுதான், தாங்கும் வழி வேறு. ஒவ்வொரு வழிக்கும் அதனதன் விலை உண்டு. அங்கே வரியாகக் கட்டுகிறார்கள், இங்கே உறவுக்குக் கடமைப்படுகிறோம்.

இதுவரை: அழுத்தத்தை உடம்பிலும் அளக்கலாம், கேட்டும் அளக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் கிடைக்கும்.

'மகிழ்ச்சி' என்ற சொல்லே இல்லாத கேள்வி

இனி அந்தப் புகழ்பெற்ற பட்டியலுக்கு வருவோம். பூட்டான் முன்மொழிந்து 2011-இல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானத்தைத் தொடர்ந்து, உலக மகிழ்ச்சி அறிக்கை 2012 முதல் வெளியாகிறது. அதற்கான விவரங்களை கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் பொதுவாக ஒரு நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் பேரிடம் கேட்டுத் திரட்டுகிறது. மூன்றாண்டுச் சராசரியை எடுத்து நாடுகளை வரிசைப்படுத்துகிறார்கள்.

கேள்வி இதுதான்: 'ஓர் ஏணியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அடிப்படி 0, உச்சிப்படி 10. உங்களுக்கு அமையக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை உச்சியில், மிக மோசமான வாழ்க்கை அடியில். இப்போது எந்தப் படியில் நிற்பதாக உணர்கிறீர்கள்?'

இதில் மகிழ்ச்சி என்ற சொல்லும் இல்லை, சிரிப்பும் இல்லை. 1960-களில் ஹாட்லி கான்ட்ரில் என்ற அமெரிக்க ஆய்வாளர் உருவாக்கிய ஏணி இது. வாழ்க்கையைத் தள்ளி நின்று எடைபோடச் சொல்கிறது. இப்படிப்பட்ட விடைக்கு வாழ்க்கை மதிப்பீடு என்று பெயர். 2025 அறிக்கையில் பின்லாந்துக்கு 7.736, டென்மார்க்குக்கு 7.521. இந்தியா 118-ஆவது இடம். 147-ஆவதாக, கடைசியில் ஆப்கானிஸ்தான்.

மகிழ்ச்சியை வேறு விதமாகவும் கேட்கலாம். 'நேற்று நிறையச் சிரித்தீர்களா? நன்றாக ஓய்வெடுத்தீர்களா? உங்களை மரியாதையாக நடத்தினார்களா?' கேலப் இவற்றையும் கேட்கிறது. இவை அன்றாட உணர்வைப் பற்றியவை. இங்கே வரிசை வேறாகிவிடும். 2018-இல் திரட்டிய விவரங்களில் உச்சத்தில் இருந்தவை பராகுவேயும் பனாமாவும். ஏணிக் கணக்கில் பராகுவே முன்வரிசையில் எங்கும் இல்லை. அதே சுற்றில், "நேற்று நாளின் பெரும்பகுதி அழுத்தமாக இருந்ததா?" என்ற கேள்விக்கு ஆமாம் என்றவர்கள் உலக அளவில் 35 விழுக்காடு, அமெரிக்காவில் 55 விழுக்காடு. ஏணி வரிசையில் அமெரிக்கா அப்போது 19-ஆவது இடத்தில், உலகத்தின் மேல்வரிசையில் இருந்தது. கல்யாண வீட்டு அப்பாவின் கதைதான், ஒரு நாடு முழுவதற்குமாக.

மூன்றாவது விதமும் உண்டு: 'என் வாழ்க்கைக்குப் பொருள் இருக்கிறதா?' பச்சிளம் குழந்தையை வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் தவிக்கும் தாய், அன்றாட உணர்வுக் கேள்வியில் குறைவாகவும் இதில் நிறைவாகவும் மதிப்பெண் போடக்கூடும்.

பட்டியலைச் சுற்றி உலவும் இன்னொரு தப்பான செய்தியையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். வருமானம், ஆயுள், சமூக ஆதரவு, சுதந்திரம், ஈகை, ஊழல் ஆகிய ஆறையும் கூட்டித்தான் நாடுகளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். அப்படி இல்லை. மதிப்பெண் முழுக்க மக்கள் சொன்ன ஏணிப்படிதான். ஏன் அந்தப் படியைச் சொன்னார்கள் என்று விளக்க முயலும்போதுதான் அந்த ஆறும் உள்ளே வருகின்றன.

இதுவரை: மகிழ்ச்சி என்ற ஒரே சொல்லுக்குள் வாழ்க்கை மதிப்பீடு, அன்றாட உணர்வு, வாழ்வின் பொருள் என்று மூன்று இருக்கின்றன. ஒரு நாடு ஒன்றில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் நிற்கலாம்.

தெருவில் இறங்கிப் பார்த்தால்

இதையெல்லாம் ஊரில் உட்கார்ந்தே படிக்கலாமே, எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்? கோபன்ஹேகனில் முதல் வாரமே இதற்குப் பதில் கிடைத்தது.

பெரியம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். யாரும் சிரித்துக்கொண்டே இல்லை. பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர் முகம் பார்த்துப் பேசுவதுகூட அரிது. திருச்சூர் ரயிலில் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் நட்பு, அங்கே எனக்கு ஆறு வாரத்திலும் கிடைக்கவில்லை.

ஆனால் ஒரு காபிக்கடை வாசலில் குழந்தை வண்டி ஒன்று நின்றிருந்தது. உள்ளே குழந்தை தூங்குகிறது, பெற்றோர் கடைக்குள் இருக்கிறார்கள். நான் திகைத்துப்போய் அங்கேயே நின்றுவிட்டேன். கூட வந்த ஆசிரியர், "இங்கே இது சாதாரணம்" என்றார். நகருக்கு வெளியே சாலையோரத்தில் ஒரு மேசை. அதன்மேல் ஸ்ட்ராபெரியும் உருளைக்கிழங்கும், பக்கத்தில் காசு போட ஒரு பெட்டி. விற்க ஆளில்லை. டேனிஷ் மொழியில் 'தில்லிட்' என்றால் நம்பிக்கை, மற்றவர்மேல் வைக்கும் நம்பிக்கை. 'பெரும்பாலோரை நம்பலாமா?' என்று ஆய்வாளர்கள் கேட்டால் அங்கே நான்கில் மூன்று பேர் அளவுக்கு ஆமாம் என்கிறார்கள்.

இந்த நம்பிக்கையைச் சொல்லாக மட்டும் விடாமல் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 40 நாடுகளில் 355 நகரங்களில் 17,000-க்கும் மேற்பட்ட பணப்பைகளை, "யாரோ தவறவிட்டது" என்று சொல்லி அலுவலகங்களிலும் வங்கிகளிலும் கொடுத்துவிட்டு, எத்தனை பேர் உரியவரைத் தொடர்புகொள்கிறார்கள் என்று எண்ணினார்கள். 2019-இல் வெளியான அந்த ஆய்வில் டென்மார்க் முன்வரிசையில் இருந்தது. என்னை அதிகம் தொட்டது வேறு ஒரு முடிவு. ஏறக்குறைய எல்லா நாடுகளிலும், பணம் இல்லாத பையைவிடப் பணம் உள்ள பையைத்தான் அதிகம் பேர் திருப்பிக் கொடுக்க முன்வந்தார்கள்.

இனி, ஏணியில் சராசரி எப்படி உயர்கிறது என்று பாருங்கள். எல்லோரும் பத்தில் நிற்கத் தேவையில்லை, இரண்டிலும் மூன்றிலும் நிற்பவர்கள் குறைந்தால் போதும். மருத்துவமனைச் செலவு வரியில் அடக்கம். கல்லூரி மாணவருக்கு அரசே மாதத் தொகை தருகிறது. வேலை வாரம் பொதுவாக 37 மணி நேரம், ஆண்டுக்கு ஐந்து வாரச் சம்பள விடுப்பு. இவற்றால் யாரும் துள்ளிக் குதித்துவிடுவதில்லை. விழுந்தால் எங்கே விழுவோம் என்பது தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். மதிப்பிடலின் இரண்டாவது கேள்விக்கு நாடே முன்கூட்டி ஒரு விடை எழுதி வைத்திருக்கிறது.

அப்படியானால் அங்கே அழுத்தம் இல்லையா? இருக்கிறது, ஏறியும் இருக்கிறது. கோஹனின் கேள்வித்தாளைத்தான் டென்மார்க் தன் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் பயன்படுத்துகிறது. 2010-இல் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் உயர் அழுத்தத்தில் இருந்தார்கள். 2021-இல் அது பத்தில் மூன்று பேரை நெருங்கிவிட்டது. இளம்பெண்களிடம் இன்னும் அதிகம். கோபன்ஹேகனில் இயங்கும் மகிழ்ச்சி ஆய்வு நிறுவனமும் வடஐரோப்பிய நாடுகளின் அமைச்சர் அவையும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட அறிக்கை, அந்த நாடுகளில் சுமார் 12 விழுக்காட்டினர் ஏணியின் கீழ்ப்படிகளில் திணறுவதாகச் சொன்னது. எல்லோரும் மகிழ்ச்சி என்று பெயர்பெற்ற ஊரில் ஒருவர் மட்டும் துயரத்தோடு இருப்பது எவ்வளவு தனிமையாக இருக்கும்! அங்கே போகும்வரை எனக்கு இது தோன்றியதே இல்லை. நாட்டின் சராசரியை நாட்டில் உள்ள ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒட்டுவது, இந்தத் துறையில் நுழைகிறவர்கள் முதலில் விடவேண்டிய பழக்கம்.

டென்ஷன், மன அழுத்தம், நிம்மதி

வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது மொழிபெயர்ப்புப் பயிற்சி. கோஹனின் கேள்வித்தாளை அவரவர் தாய்மொழியில் எழுத வேண்டும். பிறகு மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்குப் பெயர் மறுமொழிபெயர்ப்புச் சோதனை.

'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லிலேயே நான் மாட்டிக்கொண்டேன். 'மன அழுத்தம்' என்று எழுதினேன். நம் பத்திரிகைகளில் அந்தச் சொல் அன்றாடச் சுமைக்கும் வருகிறது, டிப்ரெஷன் என்ற நோய்க்கும் வருகிறது. வாரக்கணக்கில் எதிலும் நாட்டமில்லாமல், உணவும் தூக்கமும் கெட்டு, உயிர்மேலேயே வெறுப்பு வரும் நோய் அது. பரீட்சைப் பதற்றத்துக்கும் அதற்கும் ஒரே பெயர் வைத்துவிட்டோம். இது சொல் பற்றிய சண்டை மட்டும் இல்லை. 'உங்களுக்கு மன அழுத்தம் உண்டா?' என்று கேட்டால், அதை நோயாகக் கேட்கும் ஓர் அம்மா பதறிப்போய் இல்லை என்பார். அதைக் களைப்பாகக் கேட்கும் அவருடைய மகன் ஆமாம் என்பான். உண்மையாகவே நோயில் இருப்பவரிடம், "எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்று சொல்லி அனுப்பிவிடும் ஆபத்தும் இதில் இருக்கிறது.

பேச்சு வழக்கில் நாம் சொல்வது 'டென்ஷன்'. "டென்ஷன் ஆகாதீங்க" என்றால் கோபப்படாதீர்கள் என்று பொருள். "ரிசல்ட் டென்ஷன்" என்றால் கவலை. "ஒரே டென்ஷன்" என்றால் வேலைப்பளு. நெஞ்சு பாரமா இருக்கு, தலை வெடிக்குது, மனசே சரியில்லை என்று உடம்பை வைத்தும் சொல்வோம். ஒவ்வொரு சமூகமும் துயரத்தைச் சொல்ல இப்படித் தனக்கென்று சொற்கள் வைத்திருக்கிறது. ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்பார்கள், அளவுக்கு மீறி யோசித்தல் என்று பொருள். டிக்சன் சிபாண்டா என்ற உளவியல் மருத்துவர் அந்தச் சொல்லையே கைப்பற்றிக்கொண்டு, ஊர்ப் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, மரப் பெஞ்சில் உட்காரவைத்து, வருகிறவர்களுடன் பேசவைத்தார். 2016-இல் வெளியான ஆய்வில் அந்த முறை நல்ல பலன் தந்தது உறுதியானது. மக்கள் பேசும் சொல்லில் கேட்டால் மக்கள் பதில் சொல்வார்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மகிழ்ச்சிக்கும் இதே கதைதான். டேனிஷ் சொல் 'லுக்க' மகிழ்ச்சியையும் குறிக்கும், அதிர்ஷ்டத்தையும் குறிக்கும். 30 நாடுகளின் அகராதிகளைப் புரட்டிய 2013 ஆய்வு ஒன்று, 24 நாடுகளில் மகிழ்ச்சிக்கான சொல்லில் அதிர்ஷ்டம் என்ற பொருளும் இருப்பதைக் கண்டது. நாமும் நன்றாக வாழ்கிறவரைப் பார்த்து "கொடுத்து வச்சவங்க" என்றுதானே சொல்கிறோம்? சந்தோஷம், இன்பம், மகிழ்ச்சி என்று எத்தனை இருந்தாலும், வயதானவர்களிடம் கேட்டால் அவர்கள் தேடுவது 'நிம்மதி'. எந்த உணர்வை வேண்டும் என்று விரும்புகிறோம் என்பதே பண்பாட்டுக்குப் பண்பாடு மாறும் என்று ஜீன் சாய் என்ற ஆய்வாளர் 2006 முதல் காட்டிவருகிறார். அமெரிக்கர்கள் துள்ளலான உணர்வை அதிகம் மதித்தார்கள், ஹாங்காங் சீனர்கள் அமைதியை. குழந்தைகளின் படக்கதைகளில்கூட, தைவான் புத்தகங்களைவிட அமெரிக்கப் புத்தகங்களில் சிரிப்பு அகலமாக வரையப்பட்டிருந்தது.

"ஏதோ ஓடுது"

சொல் சரியாக அமைந்தாலும் விடை சொல்லும் விதம் இருக்கிறது. கல்யாணச் சாப்பாடு எப்படி என்று கேட்டால், "பரவாயில்ல" என்போம். நன்றாக இருந்தது என்றுதான் அதற்குப் பொருள். இப்படி எல்லாக் கேள்விக்கும் நடுவில் நிற்பதோ ஓரங்களுக்குப் போவதோ ஒரு பழக்கமாக இருந்தால் அதை மறுமொழிப் பாணி என்கிறார்கள். ஜப்பான், தைவான் மாணவர்கள் நடு எண்ணை அதிகம் தேர்ந்தெடுப்பதையும், அமெரிக்க மாணவர்கள் ஓர எண்களை அதிகம் தேர்ந்தெடுப்பதையும் 1995 ஆய்வு ஒன்று காட்டியது.

நமக்கு இன்னொரு தடையும் உண்டு. எட்டு என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். "ரொம்பச் சிரிக்காத, அப்புறம் அழுவ" என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். இதுபோன்ற தயக்கம் பல பண்பாடுகளில் இருப்பதால், அதை அளக்கவும் ஓர் அளவுகோல் உண்டாக்கி 14 நாடுகளில் சோதித்திருக்கிறார்கள்.

டென்மார்க்கிலும் தன்னை உயர்த்திப் பேசுவது பிடிக்காது. 'உன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்ளாதே' என்ற வகையில் பத்து விதிகளை ஆக்செல் சாண்டெமோசெ 1933-இல் ஒரு நாவலில் எழுதினார். 'யாண்டே விதி' என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். அப்படி அடக்கிப் பேசியும் ஏழரை வருகிறது என்றால், அந்த எண்ணை வெறும் பெருமைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

இதுவரை: ஒரு நாட்டின் எண்ணில் வாழ்க்கை, மொழி, விடை சொல்லும் பழக்கம் மூன்றும் கலந்திருக்கின்றன. எண்ணைத் தூக்கியெறியத் தேவையில்லை, பிரித்துப் படிக்கத்தான் வேண்டும்.

படிக்கப் போனவரும் ஆய்வுப் பொருள்தான்

வெளிநாட்டுக்குப் போனவரின் மனமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அமெரிக்காவுக்குப் படிக்கப் போன நார்வேக்காரர்களை ஆராய்ந்த லிஸ்கார்ட், 1955-இல் ஒரு வளைவை விவரித்தார். முதலில் உற்சாகம், நடுவில் சரிவு, பிறகு மெல்ல ஏற்றம். எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. சிலருக்கு முதல் வாரமே மிகக் கடினம்.

எனக்கும் அப்படித்தான். இரவு பத்து மணி வரை வெளிச்சம், தூக்கம் வரவில்லை. மோர் சோற்றுக்கு ஏங்கினேன். வகுப்பில் எங்கள் கைப்பேசிக்கு ஒரு நாளில் பல முறை, எதிர்பாராத நேரத்தில் மணி வரும். அந்த நொடி என்ன செய்கிறோம், யாருடன் இருக்கிறோம், மனம் எப்படி இருக்கிறது என்று மூன்று வரி எழுத வேண்டும். கணநேரப் பதிவு என்று இந்த முறையைச் சொல்லலாம். மாதக் கடைசியில் நினைவிலிருந்து சொல்வதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் நினைவு தன் விருப்பப்படி திருத்திவிடும். என் இரண்டாம், மூன்றாம் வாரங்கள் 'நன்றாகத்தான் போயின' என்று நினைத்திருந்தேன். பதிவுகளைப் புரட்டினால் பதினான்கு மாலைகளில் ஒன்பதில் 'தனியாக' என்று எழுதியிருந்தேன். அந்தத் தனிமையோடுதான் டேனிஷ் மக்களை 'ஒட்டாதவர்கள்' என்று குறிப்பெழுதியிருக்கிறேன். ஐந்தாம் வாரம் அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினேன்.

அதனால் இப்படி ஒரு வகுப்புக்குப் போக நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே, வீட்டில் இருக்கும்போதே, கேள்வித்தாளை நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று தெரியாமல், அங்கே போய் எழுதும் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது.

பெரியம்மாவின் படி

திரும்பி வந்த வாரம் பெரியம்மாவிடமும் ஏணிக் கேள்வியைக் கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மிகச் சிறந்த வாழ்க்கைன்னா யாருக்கு கண்ணு? எனக்கு மட்டுமா, நம்ம குடும்பத்துக்கா?"

"உங்களுக்கு மட்டும்தான் பெரியம்மா."

"எனக்கு மட்டும்னு தனியா என்ன இருக்குது?" என்றார். அவர் கேட்டதில் விளையாட்டு இல்லை, உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் ஹிதெஃபுமி ஹிதோகோதோவும் யுகிகோ உச்சிதாவும் 2015-இல் இதற்கென்றே ஓர் அளவுகோல் உண்டாக்கியிருக்கிறார்கள். என்னைச் சுற்றியிருப்பவர்களும் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா, அவர்களோடு ஒத்துப்போய் வாழ்கிறேனா என்று கேட்கும் அளவுகோல் அது. பெரியம்மாவுக்கு அதைத்தான் கொடுத்திருக்க வேண்டும். ஆனாலும் ஏணிக்கு ஒரு எண் சொல்லுங்கள் என்று விடாமல் கேட்டேன். நறுக்கிய காயைக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டுவிட்டு எழுந்தார்.

"பேத்திக்கு வேலை கெடைக்கட்டும். அப்புறம் சொல்றேன்."

என் குறிப்பேட்டில் அவருடைய கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.